லாயரைத் திட்டுவதற்கு முன்

போதைப்பொருள் வழக்கில் சிக்கியவனுக்காக ஜொகூர் பாரு உயர் நீதிமன்றத்தில் நிற்கும் லாயர் காசுக்கு மனசாட்சியை விற்றவர் என்கிறீர்கள். சிக்கியவன் குற்றவாளிதான் என்று உங்களுக்குச் சொன்னது யார்? போலீஸ். அதைச் சோதிக்கத்தானே ஐயா விசாரணை!

15 கிராம் ஹெராயின் வைத்திருந்தாலே கடத்தல்காரன் என்று 1952-ஆம் ஆண்டின் அபாயகர போதைப்பொருள் சட்டம் அனுமானித்துக்கொள்ளும். இரவல் காரின் பின்பக்கத்தில் ஒரு பொட்டலம் அகப்படுகிறது என்று வையுங்கள். கார் சாவி வேறு யார் யாரிடம் இருந்தது? போலீஸ் எடுத்த பொட்டலமும் வேதியியலாளர் எடைபோட்டதும் ஒன்றேதானா? இந்தக் கேள்விகளை நீங்கள் கேட்கப்போவதில்லை. லாயர்தான் கேட்க வேண்டும். கடத்தலுக்கு மரண தண்டனை கிடைக்கலாம் என்பதால், 14 கிராமா 15 கிராமா என்பதில் ஓர் உயிர் ஊசலாடலாம்.

வைத்திருந்ததும் அனுமானம், கடத்தியதும் அனுமானம் என்று இரட்டை அனுமானத்துக்கு வழிவிட்ட அதே சட்டத்தின் 37ஏ பிரிவு செல்லாது எனக் கூட்டரசு நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அல்மா நூடோ அத்தென்சா என்ற பெண்ணின் வழக்கு அது. அந்தப் பெண்ணுக்கு வாதாட மாட்டோம் என்று லாயர்கள் ஒதுங்கியிருந்தால் அந்தப் பிரிவு அன்று விழுந்திருக்காது.

காசு பற்றியும் ஒரு வார்த்தை. மரண தண்டனை வழக்கில் வசதியற்றவருக்கு நீதிமன்றமே லாயரை நியமிக்கிறது. அந்தக் கட்டணத்தில் எவரும் பங்களா கட்டியதாகத் தெரியவில்லை.