எண்ணமும் மட்டையும்

பேஸ்பால் என்னும் அமெரிக்க ஆட்டத்தை நம் நேயர்களில் பலர் சினிமாப் படங்களில் மட்டுமே கண்டிருப்பார்கள். கிரிக்கெட்டுக்கு அது தூரத்து உறவு. ஆனால் பந்து தரையில் பட்டு எழுவதில்லை. எறிந்தவன் கையிலிருந்து நேரே ஆகாய மார்க்கமாக வருகிறது. மட்டையும் தட்டையாக இல்லை. உலக்கையைப்போல் உருண்டையாக இருக்கிறது. உருண்டைப் பந்தை உருண்டைக் கட்டையால் அடிப்பது எத்தகைய காரியம் என்று அறிய விரும்புவோர், எலுமிச்சம்பழம் ஒன்றை ஒருவர் வீச, உலக்கையால் அடித்துப் பார்க்கலாம். (வீட்டில் அம்மாள் இல்லாத சமயம் பார்த்துச் செய்வது உசிதம்.)

வித்தை கற்பிப்போர் அனைவரையும் வாட்டும் கேள்வி ஒன்று உண்டு. வாயால் சொல்லி, மனத்தால் கற்ற முறை, எப்பொழுது உடம்பின் சுபாவமாகிறது? சங்கீதத்திலும் இக் கேள்வி உண்டு, கணக்கிலுங்கூட உண்டு. ஆனால் பேஸ்பாலில் அது நொடிக் கணக்கில் அகப்பட்டுக் கொள்வதால், விடையைத் தேடுவதற்கு அதைப்போன்ற வசதியான இடம் வேறில்லை.

பந்தெறியும் இடத்துக்கும் அடிப்பவன் பக்கத்திலுள்ள தட்டுக்கும் இடையே தூரம் 60 அடி 6 அங்குலம். மணிக்கு 90 மைல் வேகத்தில் எறியப்பட்ட பந்து அத் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய 0.4 நொடி ஆகிறது. மட்டையைச் சுழற்றி முடிக்க 0.15 நொடி வேண்டும். ஆகவே, பந்து பாதி வழியைச் சற்றே தாண்டுவதற்குள், அடிப்பதா விடுவதா, உயரமா தாழ்வா என்பவை யாவும் தீர்மானமாகிவிட வேண்டும். கடைசிச் சில அடிகளில் பந்தைத் தொடர்ந்து பார்க்க மனிதக் கண்ணால் இயலுவதில்லை. இவ்வளவு குறுகிய பொழுதில் ‘முழங்கையை எங்கே வைக்க வேண்டும்?’ என்று யோசிப்பவன் கதி என்னவாகும்!

எனினும், அந்த முழங்கைக்கும் ஒரு சாஸ்திரம் இருக்கத்தான் செய்கிறது. பின்காலில் தங்கிய கனம் முன்காலை நோக்கி நகர, இடுப்பு முதலில் திரும்புகிறது. தோள் அதைத் தொடர்கிறது. கைகள் பின்னரே வருகின்றன. மட்டையின் நுனி எல்லாவற்றுக்கும் கடைசியில், சாட்டை நுனியைப்போல், மிகுந்த வேகத்துடன் பாய்கிறது. இந்த வரிசை புரண்டால் பலம் முழுதும் வீணாகும். இதை அறிந்த ஆசிரியர், அறிந்தது அனைத்தையும் சொல்லிவிட ஆசைப்படுகிறார். “கால்! இடுப்பு! மணிக்கட்டு! தலையைத் தூக்காதே!” என்று கூவுகிறார். அவர் சொல்வது ஒவ்வொன்றும் உண்மையே. கேட்ட பையனோ கட்டை பொம்மையாய் நிற்கிறான்.

2004-ம் வருஷம் ராப் கிரே என்ற ஆராய்ச்சியாளர் இதைப் பரீட்சித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். செயற்கைப் பந்து வரும் யந்திரத்தின் முன்னால் தேர்ந்த ஆட்டக்காரர்களையும் புதியவர்களையும் அவர் நிறுத்தினார். நடுவில் ஓர் ஓசை கேட்கும். அந்தக் கணத்தில் தம் மட்டை மேல்நோக்கிச் செல்கிறதா, கீழ்நோக்கிச் செல்கிறதா என்று அவர்கள் சொல்லவேண்டும். தேர்ந்தவர்களின் ஆட்டம் உடனே கெட்டது. ஓசை உரத்த சுருதியா, தாழ்ந்த சுருதியா என்று வேறு விஷயத்தைக் கேட்டபோது அவர்களுக்குக் கெடுதல் இல்லை, புதியவர்களே தடுமாறினார்கள். புதியவனுக்குத் தன் கைமீது கவனம் வேண்டியிருக்கிறது. தேர்ந்தவனுக்கு அதே கவனம் விஷமாகிறது. இடைப்பட்ட பாலத்தில் மாணவனை எவ்வாறு நடத்திச் செல்வது என்பதே ஆசிரியர் தொழிலின் சங்கடமெல்லாம்.

அந்தப் பாலத்தை ஜப்பானில் ஒருவர் கட்டிக் காட்டினார். சதஹாரு ஓ என்னும் இளைஞர் 1959-ல் யோமியுரி ஜயண்ட்ஸ் கோஷ்டியில் சேர்ந்தார். முதல் வருஷம் அவர் அடித்த ஹோம் ரன்கள் ஏழே. ‘ஓ’ என்ற அவர் பெயரின் எழுத்துக்கு ‘அரசர்’ என்று பொருள். எனவே, அடிக்காமல் வெளியேறுவதில் அரசர் என்று ஜனங்கள் அவரைப் பரிகசித்தார்கள். பந்து வரும் சமயத்தில் கைகளை ஒருமுறை வீணாக அசைத்துவிட்டுப் பிறகே சுழற்றுவது அவருடைய தோஷம். அதனால் மட்டை எப்பொழுதும் தாமதித்தே வந்தது. அதைப் பலர் எடுத்துச் சொல்லியும் பயனில்லை. அவருக்கே அது தெரியும்!

1962-ல் ஹிரோஷி அரகாவா அவருக்கு ஆசிரியராக வந்தார். அவர் அய்கிடோ என்னும் தற்காப்பு வித்தையை அதன் ஸ்தாபகரான மோரிஹே உயெஷிபாவிடம் பயின்றவர். சீடரின் கைகளைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. “முன்காலைத் தூக்கி, ஒற்றைக் காலில் நில்” என்றார். ஒற்றைக் காலில் நிற்பவன் கைகளை வீணாக அசைத்தால் நிலை தவறி விழுவான். தோஷத்தைக் கண்டிப்பதற்குப் பதிலாக, தோஷத்துக்கு இடமே இல்லாத ஒரு நிலையை அவர் கொடுத்துவிட்டார். அவ்வருஷம் ஜூலை மாதம் 1-ந் தேதி ஓ கொக்கைப்போல் நின்று ஆடினார். வருஷ முடிவில் 38 ஹோம் ரன்கள். பிறகு அரகாவாவின் வீட்டில் இடைவிடாத அப்பியாசம். கூரையிலிருந்து தொங்கும் காகிதத் துண்டை ஜப்பானிய வாளால் வெட்டவேண்டும். வாள் சற்றுக் கோணினாலும் காகிதம் ஆடுமே தவிர அறுபடாது. அங்கே ஆசிரியரின் விளக்கம் எதற்கு? காகிதமே விளக்கிவிடுகிறது. 1980-ல் ஓய்வு பெற்றபோது ஓ அடித்திருந்த ஹோம் ரன்கள் 868.

இதிலிருந்து ஒற்றைக் கால்தான் சிறந்த முறை என்று முடிவு கட்டுவோர் உண்டு. நமக்கு அதில் சம்மதமில்லை. அரகாவா மட்டையை மேலிருந்து கீழ்நோக்கி வீசச் செய்தார். 1941-ல் ஆயிரத்துக்கு 406 என்ற சராசரி பெற்ற அமெரிக்கரான டெட் வில்லியம்ஸோ, பந்து மேட்டிலிருந்து சரிந்து வருவதால் மட்டை சற்று மேல்நோக்கியே செல்லவேண்டும் என்று புத்தகமே எழுதினார். இரு மேதைகளும் நேர் விரோதமாகச் சொல்லுகிறார்கள். இருவரின் வழியிலும் பந்து வேலிக்கு அப்பால் போய் விழுந்திருக்கிறது! ஒற்றை முறையை முப்பது பையன்களுக்கும் சட்டமாக விதிக்கும் ஆசிரியர்கள் இதைச் சற்றே கவனிக்கவேண்டும். தம் பாடக் குறிப்பைக் காப்பாற்ற, நன்றாக அடித்துக் கொண்டிருந்த சிறுவனைத் திருத்தித் திருத்திக் கெடுத்தவர்கள் எந்தத் தேசத்திலும் அபூர்வமல்லர்.

எட்டு வயதுக் குழந்தைக்கு அமெரிக்காவில் இடுப்பு உயரக் கம்பு ஒன்றை நட்டு, அதன்மேல் பந்தை வைத்து அடிக்கச் சொல்லுகிறார்கள். நல்ல ஏற்பாடு. “இடுப்பைத் திருப்பு” என்பதைவிட, “அதோ, அந்த வேலிக்கு அப்பால் அனுப்பு” என்றால் இடுப்பு தானே திரும்புகிறது. திரும்பாத பையனுக்கு மட்டும், அன்றைக்கு ஒரே ஒரு திருத்தம் சொல்லலாம். இரண்டாவதை நாளைக்கு வைத்துக் கொள்ளலாம். அதற்குப் பின் அன்று ஆசிரியருக்கு மிஞ்சும் உத்தியோகம், வேலி ஓரம் சிதறிய பந்துகளைப் பொறுக்கி வந்து, மறுபடியும் ஒவ்வொன்றாய்க் கம்பின்மேல் வைப்பதுதான்.