அடைக்கலப் பொருளும் அரசின் கடமையும்

ஓமந்தூர்ப் பங்கீட்டுக் கடையில் மூதாட்டியொருத்தி குடும்ப அட்டையை நீட்டிக் கருவியில் விரல் பதிக்கின்றாள். அரிசி பெற்றுச் செல்கின்றாள். அவளுடைய ஆதார் எண்ணும் பிள்ளைகளின் பெயரும் எங்கெங்குச் சென்று தங்குகின்றன என்பதை அவள் அறியாள். அறிவிப்பாரும் இலர்.

யான் தமிழ் கற்பிக்கும் ஆசிரியன். யாப்பும் அணியும் கற்பிக்க வேண்டிய நேரத்தில் ஒரு பகுதி, மாணாக்கரின் பிறந்த நாள், சாதி, பெற்றோர் வருவாய், தொலைப்பேசி எண் ஆகியவற்றை அரசுக் கணினியில் ஏற்றுவதிற் கழிகின்றது. பெற்றோர் நம்பிக் கொடுக்கின்றனர். 'இவை எதற்கு, ஐயா?' என்று அவர்கள் கேட்பின், விடை கூற என்னிடமும் ஒன்றுமில்லை.

2021-ஆம் ஆண்டு நடந்ததை நினைவிற் கொள்க. தமிழகப் பொதுப் பங்கீட்டுத் துறையைச் சார்ந்த ஏறத்தாழ 50 இலக்கம் பேரின் ஆதார் எண், குடும்ப உறவு முதலிய செய்திகள் இணையக் கள்வர் கூடுமிடத்திற் கிடந்தன என்று பெங்களூர்க் கணினிக் காப்பு நிறுவனமொன்று வெளிப்படுத்தியது. 2024 மேத் திங்களில் காவல்துறையின் முகமறி கணினி அமைப்பினுள்ளும் அயலார் புகுந்தனர்.

'மறைக்க ஒன்றுமில்லாத ஏழைக்கு இதனால் என்ன கேடு?' என்பார் உளர். கேடு ஏழைக்கே பெரிது. மகன் பெயரும் அட்டை எண்ணும் சொல்லி ஒருவன் 'வங்கியினின்று பேசுகின்றேன்' எனின், அம்மூதாட்டி நம்பாதிருப்பாளா? பூட்டுடைந்தால் வேறு பூட்டு வாங்கலாம்; பிறந்த நாளையும் பெற்ற பிள்ளைகளையும் மாற்றிக்கொள்ளவியலுமோ?

சிலம்பில் கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குல மூதாட்டி மாதரியிடம் அடைக்கலமாகத் தந்தார். கோவலன் கொலையுண்டதில் மாதரிக்குப் பங்கில்லை. எனினும் அடைக்கலம் காக்கத் தவறினேன் என்று அவள் எரிபுகுந்து மாண்டாள். அரசினர் எவரையும் நாம் எரிபுகச் சொல்லவில்லை. 'உம் செய்தி களவு போயிற்று. இன்னின்னவாறு விழிப்பாயிரும்' என்று உரியவரிடம் தமிழில் ஒரு சொல் சொல்லுக என்றே கேட்கின்றோம்.

சட்டம் இல்லையோ எனின், உண்டு. 2017 ஆகத்து 24-ஆம் நாள், தனியுரிமை அடிப்படை உரிமையே என உச்ச முறைமன்றத்தின் நடுவர் ஒன்பதின்மரும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். களவு போயின் உரியவர்க்கு அறிவிக்க வேண்டும் என்று 2023-இல் இயற்றிய தரவுக் காப்புச் சட்டமும் கூறுகின்றது. அதற்கான விதிகளோ 2025 நவம்பரில்தான் வெளிவந்தன. அக்கடமை அதற்கும் பதினெட்டுத் திங்கள் கழித்தே நடைமுறையாகும் என வைத்தனர். நாட்டுக் காப்பு, பொது ஒழுங்கு என்றெல்லாங் காட்டி எந்த அரசு உறுப்பையும் சட்டத்தினின்று விலக்கும் உரிமையையும் ஒன்றிய அரசு தன் கையில் வைத்துக்கொண்டது. தமிழர்தம் வீட்டுச் செய்திக்குக் காவலும் தில்லியே, காவலைத் தளர்த்துவதும் தில்லியே!

எனினும் தில்லியைச் சுட்டித் தமிழக அரசு வாளாவிருத்தலாகாது. 2020-இல் நோயாளர் செய்திகளை அயல்நாட்டு நிறுவனமொன்றிடம் கேரள அரசு ஒப்படைத்தபோது, ஆளை அடையாளங்காட்டும் கூறுகளை நீக்கியே தரவேண்டும் என அங்குள்ள உயர்முறைமன்றம் ஆணையிட்டது. வழியுண்டு, மனமே வேண்டும். வேண்டாத செய்தியைக் கேளாதிருத்தல். பணி முடிந்ததும் அழித்தல். யார் திறந்து பார்த்தார் என்பதைப் பதிந்து வைத்தல். படிவத்தின் தலைப்பிலேயே 'இஃது இதற்கு' என நற்றமிழில் எழுதுதல். இந்நான்கிற்கும் தில்லியின் இசைவு வேண்டா.

இவ்வூரிற் பிறந்த ஓமந்தூரார் 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்து முதலமைச்சராயிருந்தார். பொதுப்பொருளைத் தம் பொருளினும் மேலாகக் காத்தவர் என அவரை இன்றும் போற்றுகின்றோம். அன்று பொதுப்பொருள் என்றது கருவூலப் பணம். இன்று மக்களின் பெயரும் முகமும் விரற்பதிவும் அக்கருவூலத்தைச் சேர்ந்துவிட்டன. அவற்றையும் அவ்வாறே காக்க!

தமிழன்பர்களே! அடுத்த முறை எவரேனும் ஆதார்ப் படி கேட்பின், கொடுக்குமுன் 'எதற்கு?' என்று கேளுங்கள். யானும் இனி, பெற்றோர் கேளாமுன்பே, என் மேலதிகாரியிடம் அதனைக் கேட்பேன்.