எல்லோருக்கும் கொஞ்சம் இருந்தால் அது நோயில்லையா?

வைத்த சாவியைத் தேடுகிறோம், கூட்டத்தில் உட்கார்ந்தால் மனம் எங்கோ போகிறது, மின்கட்டணத்தைக் கடைசி நாளில்தான் கட்டுகிறோம். ஆகவே ஏடிஹெச்டி எனும் கவனக் குறைவு, மிகையியக்கக் கோளாறு எல்லோருக்கும் கொஞ்சம் உண்டு, அதை நோய் என்று பெரிதுபடுத்துவானேன் என்கிறார்கள். இந்தக் கூற்றின் முதல் பாதி உண்மை. அதனால்தான் பின்பாதியையும் யோசிக்காமல் ஏற்றுக்கொள்கிறோம். கவனச் சிதறலும் பொறுமையின்மையும் மக்களிடையே கூடியும் குறைந்தும் தொடர்ச்சியாகப் பரவியிருப்பவை. 20,183 நோயாளிகளை உள்ளடக்கி 2019இல் வெளியான மரபணு ஆய்வில், நோய்க்குப் பின்னாலுள்ள மரபணு வேறுபாடுகளும் பொதுமக்களின் கவனக் குறைவுக்குப் பின்னாலுள்ளவையும் பெருமளவு ஒன்றாகவே இருந்தன. ஆனால் ரத்த அழுத்தமும் எல்லோருக்கும்தான் இருக்கிறது. 180 உள்ளவரிடம் போய் 120 உள்ளவர் ‘எனக்கும்தான் பிரஷர் இருக்கிறது’ என்று சொல்வதில்லை. இயற்கை கோடு போடாத இடத்தில், பாதிப்பு எங்கே தொடங்குகிறது என்று பார்த்து மருத்துவம் கோடு போடுகிறது. 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற மனநோய் கண்டறியும் கையேட்டின்படி, பெரியவர் ஒருவருக்குக் கவனக் குறைவின் 9 அறிகுறிகளிலோ மிகையியக்கத்தின் 9 அறிகுறிகளிலோ குறைந்தது 5 இருக்க வேண்டும். அவை 6 மாதமாவது நீடிக்க வேண்டும். சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீடு, வேலையிடம் என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காணப்பட்டு, வாழ்க்கையைக் குலைத்திருக்கவும் வேண்டும். எப்போதோ ஒருமுறை சாவியைத் தொலைப்பது இந்த அளவுகோலை எட்டாது.

எல்லாம் செல்போன் செய்த வேலை என்போரும் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் பதின்பருவ மாணவர்களிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், டிஜிட்டல் சாதனங்களை மிகுதியாகப் பயன்படுத்தியவர்களிடம் பின்னாளில் அறிகுறிகள் சற்றே கூடுதலாக இருந்தன. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அலெக்சாண்டர் கிரைட்டன் என்ற மருத்துவர் இத்தகைய கவனச் சிதறலை விவரித்தது 1798இல். லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றி உரையாற்றியது 1902இல். இரட்டையர் ஆய்வுகளோ, இந்த அறிகுறிகளில் மக்களிடையே காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு மரபுவழி வருவதாகக் காட்டுகின்றன.

தேவையில்லாதவர்களுக்கும் முத்திரை குத்தப்படுகிறது என்ற ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது. கனடாவிலும் தைவானிலும், வகுப்பிலேயே வயதில் இளைய குழந்தைகளுக்கு இந்த நோய் கூடுதலாகக் கண்டறியப்பட்டது. வயதுக்குரிய சிறுபிள்ளைத்தனத்தை நோய் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இது கவலைக்குரிய தவறு. ஆனால் இதிலிருந்து கிடைக்கும் முடிவு, இன்னும் கவனமாகச் சோதிக்க வேண்டும் என்பதுதான்; சோதிக்கவே வேண்டாம் என்பதல்ல. ‘எல்லோருக்கும் இருப்பதுதானே’ என்று ஆறுதலாகச் சொல்லப்படும் சொல், உதவி கேட்க வாய் திறந்தவரைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. டென்மார்க்கில் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியான ஆய்வில், ஏடிஹெச்டி உள்ளவர்களின் இறப்பு விகிதம் மற்றவர்களுடையதைப் போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. கவனிக்கப்பட்டவர்கள் இளவயதினர் என்பதால் மொத்த இறப்புகள் குறைவுதான். ஆனால் அவற்றுக்கு முதன்மைக் காரணம் விபத்து. 18 வயதுக்குப் பிறகே நோய் கண்டறியப்பட்டவர்களிடம் அந்த விகிதம் 4 மடங்கைத் தாண்டியது.