அகத்தியர் அருகே ஓர் அதிசயம்!

மாசி மாத இரவு. மணி எட்டு அல்லது ஒன்பது. தெற்கே திரும்பி நின்றால், அடிவானத்துக்குச் சற்று மேலே ஒரு நட்சத்திரம் பளிச்சென்று தெரியும். அதுதான் அகத்தியர் நட்சத்திரம். இரவு வானத்து நட்சத்திரங்களில் பிரகாசத்தில் அதற்கு இரண்டாவது இடம்.

அதற்கு இடப்பக்கம், கொஞ்சம் மேலே பாருங்கள். ஆறு முழு நிலாக்களை வரிசையாக வைத்தால் எவ்வளவு தூரமோ, அவ்வளவு தள்ளி. ஒன்றும் தெரியாது. வெறும் இருட்டு!

ஆனால் அந்த இருட்டுக்குள் ஒரு நட்சத்திர மண்டலமே இருக்கிறது. அதன் பெயர் கரீனா குள்ள மண்டலம். ஆஸ்திரேலியாவில் உள்ள டெலஸ்கோப் எடுத்த படங்களில் 1977-ம் ஆண்டுதான் அது அகப்பட்டது. குறுமுனிவர் பக்கத்தில் ஒரு குள்ள மண்டலம்! பொருத்தம்தான்.

ஒளி ஒரு விநாடியில் 3 லட்சம் கிலோ மீட்டர் ஓடும். அந்த ஒளி அங்கிருந்து இங்கு வந்து சேரச் சுமார் 3 லட்சத்து 40 ஆயிரம் ஆண்டுகள் ஆகும். வானசாஸ்திரிகள் கணக்கில் இது பக்கத்து வீடு!

பெரிய டெலஸ்கோப்புகளில் ஓர் இரவு கிடைப்பது லேசல்ல. ஒரே இரவுக்குப் பலர் போட்டி போடுகிறார்கள். எத்தனையோ அழகான மண்டலங்கள் இருக்க, இந்த மங்கலான குள்ளனுக்கு ஏன் இரவுகளை ஒதுக்க வேண்டும் என்று கேட்கலாம். கட்டாயம் ஒதுக்க வேண்டும். அழகுக்கு முன்னால் இதற்கே ஒதுக்க வேண்டும்.

ஏன் என்று பார்ப்போம்.

தடித்த திரி போட்ட விளக்கு அதிகமாக வெளிச்சம் தரும். எண்ணெயும் சீக்கிரம் தீரும். நட்சத்திரமும் அப்படித்தான். சூரியனைப்போல் பத்து மடங்கு எடையுள்ள நட்சத்திரம் நீல நிறமாக ஜொலிக்கும். இரண்டு, மூன்று கோடி ஆண்டுகளில் அதன் கதை முடிந்துவிடும். சூரியனுக்கோ ஆயுள் சுமார் 1,000 கோடி ஆண்டுகள். அதைவிடச் சிறியவை இன்னும் நெடுங்காலம் கனன்றுகொண்டே இருக்கும்.

ஆகவே ஒவ்வொரு நட்சத்திரத்தின் நிறத்தையும் பிரகாசத்தையும் அளந்து எண்ணினால், எந்தக் காலத்தில் எத்தனை பிறந்தன என்று சொல்லிவிடலாம். ஒரு திருவிழாக் கூட்டத்தைப் பார்த்தே ஊர்க்கதையைச் சொல்வதுபோல! தாத்தா பாட்டிகள் இருக்கிறார்கள். நடுவயதுக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள். இரண்டு வயதுக்கும் இடைப்பட்டவர்களைக் காணோம். கைக்குழந்தை ஒன்றுகூட இல்லை. அந்த ஊரில் ஏதோ நடந்திருக்கிறது அல்லவா?

கரீனாவில் கண்டது இதேதான். சிலி நாட்டு மலைகளில் உள்ள டெலஸ்கோப்புகள் மூலம் 1980-களிலும் 1990-களிலும் எண்ணிப் பார்த்தார்கள். முதல் கூட்டம் பிறந்து 1,000 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. பிறகு அடுப்பு அணைந்தது. பல நூறு கோடி ஆண்டுகள் கழித்து மறுபடி மூண்டது! அப்போது பிறந்தவைதான் அதிகம். அந்த அடுப்பும் பின்னர் அடங்கிவிட்டது. இன்று அங்கே புது நட்சத்திரம் பிறக்க வாயுவே இல்லை.

சின்ன மண்டலத்துக்கு ஈர்ப்புச் சக்தி குறைவு. நட்சத்திரங்கள் வெடித்தால் வாயு வெளியே அடித்துக்கொண்டு போகும். அப்படியானால் இரண்டாம் முறை மூட்ட விறகு எங்கிருந்து வந்தது? போன வாயுவே குளிர்ந்து திரும்பியதா, வேறெங்கிருந்தாவது வந்ததா என்பதில் விஞ்ஞானிகளுக்குள் வாதம் நடக்கிறது. நல்ல வாதம்!

நம்முடைய பால்வீதியில் இந்தக் கதையைப் படிப்பது கஷ்டம். 10,000 கோடி நட்சத்திரங்களுக்கு மேல் உள்ள பட்டணம் அது. புகுந்தவர், பிறந்தவர், வளர்ந்தவர் எல்லாம் கலந்து கிடக்கிறார்கள். போதாக்குறைக்கு நாமும் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறோம். குள்ள மண்டலம் சின்னக் கிராமம். வெளியே நின்று ஒவ்வொரு தலையாக எண்ணலாம்.

வண்ணப் படம் போட்டால் எல்லோரும் பார்ப்பார்கள், தப்பில்லை. ஆனால் பள்ளிப் புத்தகத்தில் அந்தப் படத்தோடு நின்றுவிடுவதுதான் குறை. இந்தத் தலைக்கணக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

சிலி நாட்டில் வேரா ரூபின் ஆய்வுக்கூடம் 2025 ஜூன் மாதம் தன் முதல் படங்களை வெளியிட்டது. அதன் கண்ணாடி 8.4 மீட்டர் அகலம். தென்வானம் முழுவதையும் 10 ஆண்டுகள் திரும்பத் திரும்பப் படம் எடுப்பது அதன் வேலை. இதுவரை கண்ணில் படாத குள்ள மண்டலங்கள் பல அதில் அகப்படும் என்று எதிர்பார்க்கிறார்கள். அவற்றின் நட்சத்திரங்களையும் இனி ஒவ்வொன்றாக எண்ண வேண்டும்.