மாட்டுக்கு ஊசி போட வருபவர் யார்?

காஞ்சிபுரத்தைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் தாமல் வரும். பெரிய ஏரியும் அதை நம்பிய வயல்களும் உள்ள ஊர். இப்படிப்பட்ட ஊரில் ஒரு ராத்திரியை நினைத்துப் பாருங்கள். நேற்றுக் கன்று ஈன்ற கறவைப் பசு படுத்த இடத்தைவிட்டு எழவில்லை. கழுத்தை விலாப் பக்கம் மடித்து வைத்திருக்கிறது. காது சில்லென்று இருக்கிறது. வீட்டுக்காரம்மா பதறிப்போய் போனை எடுக்கிறார். அவரிடம் இருப்பது, பக்கத்தில் 'ஊசி போடுகிறவர்' ஒருவரின் நம்பர்தான்.

பசுவுக்கு வந்திருப்பது பெரும்பாலும் பால் சுரமாக இருக்கும். பெயரில்தான் சுரம்; உடம்பு சுடாது. பால் சுரக்கத் தொடங்கியதும் ரத்தத்தில் கால்சியம் சட்டென்று குறைவதால் வருவது. கால்சியம் மருந்தை ரத்தக்குழாயில் மெதுவாக ஏற்றினால், பல பசுக்கள் சில மணி நேரத்தில் எழுந்து நின்றுவிடும். அதே மருந்தை அவசரமாக ஏற்றினால் இதயமே நின்றுபோகலாம். மருந்து ஒன்றுதான். ஏற்றுகிற கை எது என்பதில்தான் பசுவின் உயிர் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1984-ம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் மட்டுமே வைத்தியம் பார்க்கலாம். அதன் 30-வது பிரிவு ஒரு விலக்கு தருகிறது. உரிய சான்றிதழ் பெற்ற உதவியாளர்களை, மருத்துவரின் மேற்பார்வையில் 'சிறு சேவைகள்' செய்ய மாநில அரசு அனுமதிக்கலாம். தடுப்பூசி போடுவது, காளைக்கு ஆண்மை நீக்கம் செய்வது, புண்ணுக்குக் கட்டுவது போன்ற முதலுதவிகள் அவை. அரசு அறிவித்தால் வேறு சிலவும் சேரும்.

நம் ஊர்க் கால்நடை ஆய்வாளரும் பராமரிப்பு உதவியாளரும் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். கோமாரி நோய்த் தடுப்பூசி முகாமில் முட்டவரும் மாட்டைப் பிடித்து நிறுத்துவது முதல், காதில் 12 இலக்க எண் கொண்ட தோடு மாட்டுவது வரை இவர்கள் இல்லாமல் நடக்காது. ஆனால் மருத்துவர்களுக்கு இருப்பதுபோல் இவர்களுக்கென்று அந்தச் சட்டத்தில் ஒரு பதிவேடு இல்லை.

மனிதர்களைக் கவனிக்கும் நர்ஸுகளுக்கு, சென்னை மாகாணத்தில் 1926-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. பிரிட்டனில் பிராணிகளுக்கான நர்ஸ் பயிற்சி 1961-ல் தொடங்கியது. அங்கே பதிவு பெற்ற நர்ஸ், மருத்துவர் சொற்படி சில சிறு அறுவை சிகிச்சைகளைக்கூடச் செய்யலாம். தவறு செய்தால் விசாரணை உண்டு, பெயரையே நீக்கிவிடலாம். இத்தனை இருந்தும், 'கால்நடை நர்ஸ்' என்ற பெயரைப் பதிவில்லாதவர் போட்டுக்கொள்வதைச் சட்டம் தடுக்கவில்லையே என்ற குறை அங்கேயும் நெடுநாளாக இருக்கிறது.

பதிவேடு என்றால் வெறும் பெயர்ப் பட்டியல் அல்ல. முறையாகப் படித்து வந்த உதவியாளரையும், மருந்துக்கடையில் பாட்டில் வாங்கிவந்து ஊசி போடுகிறவரையும் வீட்டுக்காரம்மா பிரித்துப் பார்க்க உதவும் அடையாளம் அது. உதவியாளருக்கும் அது பாதுகாப்புதான். 'இது என் வேலை. இதற்கு மேல் டாக்டர்தான்' என்று அவர் தைரியமாகச் சொல்லலாம்.

அந்த நாள் வரும்வரை மாடு வளர்ப்பவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கத் தயங்க வேண்டாம். எங்கே பயிற்சி பெற்றீர்கள்? எந்த டாக்டரின் மேற்பார்வையில் செய்கிறீர்கள்? இப்போது போட்ட மருந்தின் பெயர் என்ன, எத்தனை நாள் பாலைக் கறந்து ஊற்றக் கூடாது? கடைசிக் கேள்விக்கான பதில், அந்தப் பாலைக் குடிக்கும் குழந்தைக்கும் வேண்டியது.

அருகில் உள்ள அரசுக் கால்நடை மருந்தக டாக்டரின் நம்பரையும், நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான 1962 என்ற எண்ணையும் இன்றே போனில் பதிந்து வையுங்கள். பசு படுத்த பிறகு நம்பர் தேட நேரம் இருக்காது.