‘அவனுக்கு எதுக்கும்மா ஆபரேஷன்?’

இரண்டாவது குழந்தை பிறந்த மறுநாள் காலையில் பிரசவ வார்டுகளில் ஒரு பேச்சு நடக்கும். நர்ஸ் நோட்டும் பேனாவுமாக வருவார். “கு.க. பண்ணிக்கிறீங்களாம்மா?” குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பற்றிய கேள்வி, கட்டிலில் கிடப்பவளுக்கு. பதில் சொல்வது மாமியார்: “ஆமா சிஸ்டர், இதோட இதா முடிச்சு விட்டுடுங்க.” கணவன் அந்த நேரம் பார்த்து ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு டீ வாங்கப் போயிருப்பான்.

எங்கள் முறை வந்தபோது நான் டீ வாங்கப் போகவில்லை. “நான் பண்ணிக்கிறேன் சிஸ்டர்” என்றேன். அவர் எழுதுவதை நிறுத்தினார். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் அம்மா என்னிடம் எதுவும் பேசவில்லை; நேராக நர்ஸிடம் சொன்னார்: “அவனுக்கு எதுக்கும்மா ஆபரேஷன்? வெயில்ல அலையிற புள்ள.”

நான் வெயிலில் அலைகிற பிள்ளை. முந்தின நாள் முழுக்க வலியில் துடித்துவிட்டுத் தையலோடு படுத்திருந்தவள் நிழலில் வளர்ந்தவள் என்று கணக்கு. அம்மாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் சொன்னது ஊரே சொல்வதுதான். ஆண் ஆபரேஷன் செய்துகொண்டால் பலம் போய்விடும், மூட்டை தூக்க முடியாது, இடுப்பு விட்டுப்போகும், அப்புறம் ‘அதுக்கு’ லாயக்கில்லை. படிக்காதவர்கள்தான் இப்படி நம்புகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். கை நிறையச் சம்பளம் வாங்கும் நண்பர் ஒருவர் “தேவையில்லாத ரிஸ்க்டா” என்று அக்கறையாக எச்சரித்தார். அவர் மனைவிக்கு ஏற்கெனவே ஆபரேஷன் ஆகியிருந்தது. அந்த ரிஸ்க் அவர் கணக்கில் வரவே இல்லை.

இந்த நம்பிக்கை எவ்வளவு வலுவானது என்பதற்கு அரசாங்கமே சாட்சி. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் திருமணமான தம்பதிகளில் 37.9 சதவீதம் பெண்ணின் கருத்தடை அறுவை சிகிச்சையை நம்பி இருக்கிறார்கள். ஆணின் அறுவை சிகிச்சையை நம்பி இருப்பவர்கள் 0.3 சதவீதம். தமிழ்நாட்டில் இந்த இடைவெளி இன்னும் அகலம். இங்கே பாதிக்கும் மேற்பட்ட தம்பதிகளில் பெண் ஆபரேஷன் செய்துகொண்டிருக்கிறாள். ஆண்களைத் தேடினால் ஆயிரத்துக்கு ஒருவர் தேறுவதே கடினம். படிப்பிலும் மருத்துவத்திலும் முன்னணி மாநிலம் என்று மார்தட்டும் நாம் இந்த எண்ணிக்கையை மேடையில் சொல்வதில்லை.

சரி, பலம் எங்கே போகிறது என்று பார்ப்போம். விரையில் இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று, விந்தணு உற்பத்தி. மற்றொன்று, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரப்பது. மீசை, குரல், தசை, ஆசை எல்லாம் இந்த இரண்டாவதன் கைங்கரியம். இது எந்தக் குழாய் வழியாகவும் போவதில்லை. நேரே ரத்தத்தில் கலக்கிறது. ஆபரேஷனில் கட்டுவது விந்தணு வெளியேறும் சன்னமான குழாயை மட்டும்தான். வெளியே வரும் விந்துவில் விந்தணுவின் பங்கு நூற்றில் ஐந்துகூடக் கிடையாது. மற்றதெல்லாம் குழாயைக் கட்டிய இடத்துக்கு மேலே இருக்கும் சுரப்பிகளிலிருந்து வருவது. அதனால் அளவு குறைந்ததாகக்கூடத் தெரியாது. வெளியேற வழியில்லாத அணுக்களை உடம்பே கரைத்து உள்வாங்கிக்கொள்ளும்.

‘விந்து விட்டான் நொந்து கெட்டான்’ என்று நம்மிடம் ஒரு சொலவடை உண்டு. நள்ளிரவுத் தொலைக்காட்சியில் ‘வாலிப வயோதிக அன்பர்களே’ என்று கூவி லேகியம் விற்றவர்களின் முதலீடே இந்தப் பயம்தான். அந்தச் சொலவடையின் கணக்குப்படியே பார்த்தாலும், ஆபரேஷனுக்குப் பிறகு விந்தணு ஒன்றுகூட வெளியே போவதில்லை, எல்லாம் உடம்போடு தங்குகிறது. நியாயமாக அந்த வைத்தியர்களே இதைச் சிபாரிசு செய்திருக்க வேண்டும்!

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மரத்துப்போக ஒரு ஊசி. கத்தி வைக்கவில்லை; ஒரு சிறு துளை, அதன் வழியாகக் குழாயை இழுத்துக் கட்டி வெட்டி உள்ளே விட்டார்கள். தையல் கிடையாது. 1974-ல் சீனாவின் சிச்சுவான் மாகாணத்து மருத்துவர் லி ஷுன்சியாங் உருவாக்கிய முறை இது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் பைக்கும் பளுவும் வேண்டாம் என்றார்கள். ஒரு வாரம் கழித்து அம்மா என்னை அரிசி மூட்டை தூக்கச் சொல்லிப் பார்த்தார். தூக்கினேன்.

பெண்ணுக்குச் செய்வதோ வயிற்றைத் திறந்து செய்யும் வேலை. துளை சிறிதானாலும் கருவி போவது வயிற்றறைக்குள். மயக்க மருந்தின் ஆபத்து, குடலில் காயம் படும் ஆபத்து, கிருமி தொற்றும் ஆபத்து எல்லாம் அவளுக்குத்தான் கூடுதல். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கம் நடந்த முகாமில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். இப்படிப்பட்ட முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் சொல்ல வேண்டியிருந்தது. ‘பொம்பளைக்கு ஒண்ணும் ஆகாது’ என்பவர்களுக்கு இந்தச் செய்தியைப் படித்த ஞாபகமாவது இருக்கிறதா?

சிசேரியனுக்கு வயிறு திறந்திருக்கிறது, அப்போதே சேர்த்துச் செய்துவிடலாமே என்று கேட்டால் எனக்கு மறுப்பில்லை, அவளே கேட்டிருந்தால். சுகப்பிரசவம் ஆனவளுக்கும் அதே தீர்ப்பு எழுதுவதுதான் இடிக்கிறது.

மாதவிடாய்ச் சுழற்சி பள்ளிக்கூடத்தில் ‘நீங்களே படிச்சுக்கோங்க’ என்று டீச்சர் தாண்டிவிட்ட பாடம் என்பதால் நாம் ஒன்றைக் கவனிப்பதில்லை. கருமுட்டை வெளிப்பட்ட பிறகு அதற்கு ஆயுள் ஒரு நாள்தான். உள்ளே போன விந்தணு ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். கூட்டிப் பார்த்தால் ஒரு பெண் கருத்தரிக்க வாய்ப்புள்ளது ஒரு சுழற்சியில் சுமார் ஆறு நாள். அதுவும் ஐம்பது வயதை ஒட்டி நின்றுபோகும். ஆணுக்கு விடுமுறை கிடையாது. முப்பது நாளும், தாத்தாவான பிறகும் உற்பத்தி ஓடும். மாதத்தில் ஆறு நாள் திறக்கும் கடைக்குச் சீல் வைத்துவிட்டு, இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும் ஆலையை அப்படியே விட்டுவைப்பது என்ன நிர்வாகம்?

ஆணுக்கு ஆபரேஷன் கூடாது என்பது காலங்காலமாக வந்த நம்பிக்கை என்பதும் பொய். நம் தாத்தாக்கள் செய்துகொண்டார்கள். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர்.ஏ. கோபாலசாமி பிறகு சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளராக இருந்தபோது, ஆபரேஷன் செய்துகொள்ளும் ஏழைகளுக்கு 30 ரூபாய் கொடுக்கும் திட்டம் இங்கேதான் தொடங்கியது. 1960-களில் நாட்டில் நடந்த கருத்தடை ஆபரேஷன்களில் பெரும்பங்கு ஆண்களுக்கு நடந்தது. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் கலெக்டர் எஸ். கிருஷ்ணகுமார் நடத்திய முகாமில் ஒரே மாதத்தில் 60,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் வந்து செய்துகொண்டார்கள். படகு வலிப்பவரும் சுமை தூக்குபவரும் அடுத்த வாரம் வேலைக்குப் போகாமல் இருந்திருந்தால் கொச்சித் துறைமுகம் நின்றுபோயிருக்கும்.

பிறகு வந்தது நெருக்கடி நிலை. 1976-77-ல் மட்டும் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள். அதில் 60 லட்சத்துக்கும் மேல் ஆண்கள். வட மாநிலங்களில் பஸ்ஸை நிறுத்தியும் ஊரை வளைத்தும் ஆள் பிடித்தார்கள். அது கொடுமை, மறுபேச்சில்லை. ஆனால் 1977 தேர்தலில் இந்திரா காந்தி தோற்ற பிறகு அரசுகள் கற்றுக்கொண்ட பாடத்தைப் பாருங்கள். யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதை அரைகுறையாகவும், ஆம்பளையைத் தொடக் கூடாது என்பதை முழுதாகவும் கற்றுக்கொண்டன. ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்ற பெயர் ‘குடும்ப நலம்’ ஆனது. இலக்கு பெண்கள் பக்கம் திரும்பியது. அவர்கள் எப்படியும் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். தேடிப் போக வேண்டாம். கோபப்பட்டு ஆட்சியைக் கவிழ்க்கவும் மாட்டார்கள்.

ஆக, ‘பலம் போயிடும்’ என்பது மேல்பூச்சு. சுரண்டினால் உள்ளே வேறு இருக்கிறது. எங்கள் தெருவில் மூத்த பெண்மணி ஒருவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: “நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆயிட்டா, இவன் இன்னொண்ணு கட்ட வேணாமா?” மனைவி உயிரோடு பக்கத்து அறையில் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அவள் போன பிறகு வரப்போகிறவளுக்காக இவன் விதை சேமிப்பில் இருக்க வேண்டும். இவன் போய்விட்டால் அவளுக்கு மறுமணம், மறுகுழந்தை என்ற நினைப்பு எவருக்கும் வரவில்லை, பாருங்கள். ‘கர்ப்ப ஆட்சி’ என்ற பெயரில் பெரியார் கருத்தடை பற்றிப் பேசத் தொடங்கியபோது, நாட்டின் வறுமைக்காகவும் தாயின் உடல்நலத்துக்காகவும் மற்றவர்கள் கேட்பதைத் தாம் பெண்ணின் விடுதலைக்காகக் கேட்பதாகப் பிரித்துச் சொன்னார். கருத்தடையைக் கையில் எடுத்துக்கொண்ட தமிழ்ச் சமூகம் அந்தக் காரணத்தை அவரிடமே விட்டுவிட்டது.

பெண்களே ‘அவருக்கு வேணாம், எனக்கே பண்ணுங்க’ என்று சொல்கிறார்களே என்பார்கள். ஏன் சொல்கிறார்கள் என்று கிராமத்தில் வேலை பார்க்கும் செவிலியர்களைக் கேட்டால் தெரியும். ஆபரேஷன் எப்போதாவது தவறும். கணவன் செய்துகொண்ட பிறகு அவள் கருவுற்றால் ஊர் டாக்டரைக் கேட்காது, அவளைத்தான் கேட்கும். ஒரு கேவலமான சந்தேகத்திலிருந்து தப்பிக்க அவள் தன் வயிற்றைக் கொடுக்கிறாள். இதைத்தான் ‘விருப்பத்தோடு செய்துகொண்டார்’ என்று பதிவேட்டில் எழுதுகிறோம்.

அந்தச் சந்தேகத்துக்கு மருந்து இருக்கிறது, விலையும் அதிகமில்லை. ஆபரேஷன் ஆனவுடன் பலன் வராது. குழாயில் மிச்சமிருப்பவை காலியாக மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறை. பிறகு விந்தணுப் பரிசோதனை. பூஜ்யம் என்று வந்தால்தான் முடிந்ததாக அர்த்தம். சரியாகச் செய்து பரிசோதித்தும் பார்த்தால், பெண்ணுக்குச் செய்வதைவிட இது தவறும் வாய்ப்பு குறைவு. ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை ஆண் கருத்தடை இருவாரம் என்று பேனர் கட்டுகிறார்கள். அந்த பேனரில் இந்த மூன்று மாதக் கணக்கை நான் பார்த்ததில்லை. சிரிக்கும் அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், ஊக்கத்தொகை எவ்வளவு என்ற எண், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குள் போனால் விசாரிக்க ஆண்களுக்கென்று ஒரு நாற்காலிகூட இருக்காது.

மூன்று மாதம் கழித்து நான் ஒரு தனியார் லேபுக்குப் போனேன். மறுநாள் ரிப்போர்ட்டை நீட்டிய இளைஞர் என் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டார். விந்தணு எண்ணிக்கை: பூஜ்யம். கவுண்டரைச் சுற்றி வெளியே வந்து, குரலைத் தாழ்த்தி, “மனசை விட்டுடாதீங்க சார். இப்பல்லாம் நல்ல ட்ரீட்மென்ட் இருக்கு” என்றார். எனக்கு இரண்டு பிள்ளைகள் என்று சொன்னேன். அவர் இன்னும் அதிகமாக இரக்கப்பட்டார்.