அடுத்தவர் வயலில் வாரப் பயிர்

அரியாலை என்ற பெயர் 2025ஆம் ஆண்டில் நாடெங்கும் அறியப்பட்டது, செம்மணி - சித்துப்பாத்தி மயானத்தில் தோண்டி எடுக்கப்பட்ட மனித எலும்புக்கூடுகளின் காரணமாகவே. நீதி கோரும் அவ்விடயம் தனியே பேசப்பட வேண்டியது. ஆயினும் அதே மண்ணில் இன்று வளர்ந்துவரும் தலைமுறை எதைக் கொண்டு பிழைக்கப் போகிறது என்ற வினாவும் எம்முன் உள்ளது. யாழ்ப்பாண நகரின் கிழக்கெல்லையில், வயல்களும் கண்டி வீதியும் சந்திக்கும் இவ்வூர் போன்ற இடங்களில், வீட்டு அறையில் மடிக்கணினியின் முன் அமர்ந்து வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்து டொலரில் சம்பாதிப்பது இளைஞர்களின் புதிய கனவாகியுள்ளது. அக்கனவின் ஒரு பகுதி, அலுவலக உரையாடல் தளங்களுக்கான சிறிய செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை உருவாக்கி விற்பதாகும்.

விடயம் அறியாத வாசகர்களுக்காக ஒரு விளக்கம். மேலை நாடுகளில் அலுவலகப் பணிகள் பெரும்பாலும் ஸ்லாக், மைக்ரோசொப்ட் டீம்ஸ் போன்ற உரையாடல் தளங்களிலேயே இப்போது நடைபெறுகின்றன. 2013இல் அறிமுகமான ஸ்லாக், 2015 டிசெம்பரில் வெளியார் உருவாக்கும் கருவிகளுக்கென ஒரு சந்தையைத் திறந்தது. 2021இல் சேல்ஸ்போர்ஸ் நிறுவனம் சுமார் 2,770 கோடி டொலருக்கு ஸ்லாக்கை வாங்கியது. 2022 நவம்பரில் சட்ஜிபிடி வெளிவந்த பின்னர், இத்தளங்களில் இயங்கும் கருவிகளுக்குப் பேச்சுமொழி புரியத் தொடங்கிற்று. நீண்ட உரையாடலைச் சுருக்கித் தருவது, விடுமுறை விதிகள் பற்றிக் கேட்கும் ஊழியருக்குப் பதில் சொல்வது, வாடிக்கையாளர் முறைப்பாடுகளைத் தரம் பிரிப்பது போன்ற சில்லறை வேலைகளை அவை செய்கின்றன. இத்தகைய கருவியொன்றை எழுதும் இளைஞருக்குச் சொந்தமாகச் செயற்கை நுண்ணறிவு எதுவும் தேவையில்லை. அதனைப் பெருநிறுவனங்களிடம் பயன்பாட்டின் அளவுக்கேற்ப வாடகைக்கு எடுத்து, தளத்துடன் இணைத்துவிட்டாற் போதும்.

முதலீடு குறைவு, கட்டடம் வேண்டியதில்லை, எவரிடமும் சிபாரிசுக் கடிதம் கேட்க வேண்டியதுமில்லை. யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சியில் 2014 முதல் இயங்கி வருகிறது. யாழ் ஐ.ரி. ஹப் அமைப்பு 2012 முதல் போட்டிகளை நடத்தி இத்துறையில் ஓர் எழுச்சியை ஏற்படுத்தியிருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுக்கும் இத்தொழிலில் ஒரு வசதி உண்டு. சோனகத் தெருவில் கடையையும் பட்டறையையும் இழந்தவர்களின் பேரப்பிள்ளைகள் யாழ்ப்பாணத்திற்குத் திரும்பினாலும் புத்தளத்திலேயே தங்கினாலும், இத்தொழில் எந்தவொரு தெருவிலும் தங்கியிருப்பதில்லை.

தெருவில் தங்கியிராத இத்தொழிலும் வேறொருவரின் காணியிலேயே நடக்கிறது என்பதுதான் சிக்கல். அண்மைய நிகழ்வுகளைக் கவனியுங்கள். உரையாடலைச் சுருக்கித் தரும் கருவிகளைப் பலர் விற்றுக்கொண்டிருக்கையில், 2024 பெப்ரவரியில் ஸ்லாக் நிறுவனம் தானே அச்சேவையைத் தொடங்கி, 2025இல் கட்டணத் திட்டங்களுடன் அதனைச் சேர்த்துவிட்டது. 2025 மே மாதத்தில் அதன் விதிகளும் மாறின. சந்தையின் அங்கீகாரம் பெறாது பலருக்கும் விற்கப்படும் புதிய கருவிகள், உரையாடல் வரலாற்றை நிமிடத்திற்கு ஒரு தடவை, அதிலும் 15 செய்திகளை மாத்திரமே படிக்கலாம் என்று ஆயிற்று. வட்ஸ்அப்பை நடத்தும் மெட்டாவோ, எல்லாவற்றிற்கும் பதிலளிக்கும் பொதுவான செயற்கை நுண்ணறிவு உரையாடிகளைத் தனது வணிக இணைப்பில் தடைசெய்யும் விதியை 2025 ஒக்டோபரில் அறிவித்து, 2026 ஜனவரி 15 முதல் நடைமுறைப்படுத்தியது. இத்தாலியின் போட்டி ஆணையம் 2025 டிசெம்பரில் இடைக்கால உத்தரவு பிறப்பித்து இதில் தலையிட்டது. அத்தகைய பலம் வாய்ந்த ஆணையம் எதுவும் அரியாலை இளைஞரின் பின்னால் இல்லை.

வாரத்துக்கு விதைப்பவனின் நிலையை எம்மவர்கள் நன்கறிவர். விதையும் உழைப்பும் அவனுடையவை, வரம்பு மற்றவருடையது. ஆனால் நெல்வயலில் குத்தகைக்குப் பயிர் செய்தவனுக்குக்கூட 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் ஓரளவு பாதுகாப்பளித்தது. நினைத்தவுடன் அவனை வெளியேற்ற முடியாது. இந்தப் புதிய வயலில் அறிவித்தல் ஒன்றே போதும்.

எனினும் அந்த 2025 விதிக்குள்ளேயே எமக்குரிய பாடம் ஒன்றும் இருக்கிறது. ஒரு நிறுவனம் தன் உள்ளகப் பாவனைக்கென உருவாக்கும் கருவிகள் அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கப்பட்டுள்ளன. அதாவது, ஆயிரம் பேருக்கு ஒரே பொருளை விற்க முயன்றவனுக்கு அடி விழுந்தது. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கென்றோ களஞ்சியத்துக்கென்றோ அளந்து தைத்துக் கொடுத்தவன் தப்பினான். தையற்காரனின் தொழிலே இதில் நிலைக்கும், துணிக்கடையினுடையது அல்ல. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ‘மாதம் பத்தாயிரம் டொலர்’ கதைகளில் இவ்வேறுபாடு சொல்லப்படுவதில்லை.

சொந்தக் காணி வைத்திருக்கும் தமிழரும் உளர். 1996இல் தொடங்கிய நிறுவனமொன்று பின்னர் ஸோஹோ என்ற பெயரைப் பெற்று, தென்காசியின் கிராமப்புறத்திலும் அலுவலகம் அமைத்து, கிளிக் என்னும் தனது அலுவலக உரையாடல் தளத்தைத் தானே நடத்துகிறது. அதற்கான கருவிகளை வெளியாரும் எழுதலாம். கிராமத்திலிருந்து உலகச் சந்தைக்கு மென்பொருள் செய்யமுடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் அந்த இடத்தை அடைய அவர்களுக்குக் கால் நூற்றாண்டு உழைப்பு தேவைப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எமது இளைஞர்களுக்கு உடனடியாகக் கிடைக்கக்கூடிய வாய்ப்பு மொழியில் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கான வாடகை, எழுத்துகள் எத்தனை துண்டுகளாக உடைக்கப்படுகின்றன என்பதைக் கொண்டே கணிக்கப்படுகிறது. தமிழ் நீண்டகாலம் இதில் தண்டம் கட்டி வந்த மொழி. 2024 மே மாதத்தில் ஜிபிடி-4ஓ வெளிவந்தபோது, ஓப்பன்ஏஐ நிறுவனம் எடுத்துக்காட்டிய ஒரு தமிழ்ப் பகுதி முன்னர் 116 துண்டுகளாக இருந்து 35 ஆகக் குறைந்தது. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு! தமிழில் இயங்கும் கருவியொன்றைச் சிறு முதலாளிக்கு விற்பது அதன் பின்னரே கட்டுப்படியாகும் காரியமாயிற்று. திருநெல்வேலிச் சந்தை வியாபாரியும் காத்தான்குடிப் புடைவைக் கடைக்காரரும் ஸ்லாக்கைக் கண்டிரார். அவர்களுக்கு வட்ஸ்அப் குழுவே அலுவலகம். அங்கு ஆங்கில எழுத்தில் தமிழ் வரும், இடையில் சிங்களச் சொல் வரும், பாதிக் கட்டளை குரற்பதிவாக வரும். யாழ்ப்பாணத்துப் பேச்சும் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் பேச்சும் வேறு வேறு. இவற்றைப் பிரித்தறிந்து, கட்டளையைப் பட்டியலாக்கித் தரும் கருவியைக் கலிபோர்னியாவில் இருப்பவன் செய்யப்போவதில்லை. ஒரு கடையின் சொந்த வாடிக்கையாளர் சேவைக்கான இத்தகைய கருவிகளை மெட்டாவின் 2026 விதி தடுக்கவுமில்லை.

சம்பாதித்ததைக் கையிற் பெறுவது இன்னொரு தலைவலி. ஸ்லாக்கின் சந்தை கருவியைக் காட்சிக்கு வைக்குமே தவிர, பணத்தை வசூலித்துத் தராது. அது உருவாக்கியவரின் பொறுப்பு. பேபால் மூலம் பணம் செலுத்த முடிந்ததே தவிரப் பெற முடியாத நிலையில் இலங்கையர் பல்லாண்டுகளைக் கழித்தனர். அரசாங்கமோ, அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த வெளிநாட்டுச் சேவை வருமானத்தின் மீது 2025 ஏப்ரல் முதலாம் திகதி தொடக்கம் உச்சமாக 15 சதவீத வரியை விதித்தது. வரி கட்டுவதில் தவறில்லை. ஆனால் வரி கேட்ட வேகத்தில் பாதியைக்கூடப் பணம் பெறும் வழிகளைச் சீராக்குவதில் எந்த அரசாங்கமும் காட்டவில்லை.

இறுதியாக, கருவியை விற்பவரும் வாங்குபவரும் பேசத் தயங்கும் ஒன்று. அலுவலக உரையாடலில் கணக்கு வழக்கு மட்டும் இருப்பதில்லை. சுகவீனம், குடும்பத் தகராறு, அரசியற் கருத்து எல்லாம் இருக்கும். போர்க்காலத்து வடக்கில் ஒரு துண்டுக் காகிதத்துக்காகவும், 2019 ஏப்ரல் தாக்குதல்களின் பின்னர் முஸ்லிம் ஊர்களில் கைத்தொலைபேசியிலிருந்த ஒரு படத்துக்காகவும் விசாரிக்கப்பட்டவர்களின் சமூகங்கள் நாங்கள். அவ்வுரையாடல்கள் அனைத்தையும் ஒரு கருவி படித்து வெளிநாட்டுக் கணினிக்கு அனுப்பும்போது, ஊழியரிடம் எவரும் சம்மதம் கேட்பதில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரதான ஏற்பாடுகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து, பின்னர் பிற்போடப்பட்டன. சட்டம் வரும்வரை காத்திராமல், எச்செய்தியைக் கருவி படிக்கும், எதைப் படிக்காது, எத்தனை நாளில் அழிக்கும் என்பதை விற்பனை ஒப்பந்தத்திலேயே தமிழில் எழுதிக் கொடுக்கும் இளைஞருக்கு, எமது வணிகர்கள் இரண்டாயிரம் ரூபா கூடுதலாகக் கொடுத்தாலும் நட்டமில்லை.